இறுகாத முடிச்சு

நான் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். பதினெட்டு வருஷத்தில் நான் போட்ட முடிச்சு ஒன்றுகூட நழுவியதில்லை. அந்தத் திமிர்தான் வழக்கைக் கெடுத்தது.

நானும் மனைவியும் பிரிந்து ஒரு வருஷமாகிறது. மகளுக்கு நாலு வயது, நாங்கள் கூப்பிடுவது வாண்டு. மற்ற நாளெல்லாம் அம்மாவிடம், ஞாயிற்றுக்கிழமை என்னிடம். இனி யாரிடம் வளர்வது என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டும். அதற்காகக் குழந்தை நல அலுவலர் ஒரு ஞாயிறு சொல்லாமல் கொள்ளாமல் என் அறைக்கு வந்தார்.

என் அறை மூன்றாவது மாடி. பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே வாண்டு நுழைகிற அளவுக்கு இடைவெளி. நான் அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். அவள் தரையில் காலி டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள், இடுப்பில் துணி சுற்றிய கயிற்றோடு. மறுமுனை ஜன்னல் கம்பியில்.

அலுவலர் கயிற்றையே பார்த்தார். மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"இழுத்துப் பாருங்க மேடம். எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. முடிச்சு முதுகுப் பக்கம், அவளுக்கு எட்டாது."

வாண்டும் தன் பங்குக்கு ஓடிப்போய்க் கயிறு நிறுத்திய இடத்தில் நின்று சிரித்தாள். அவர் போட்டோ எடுத்தார். எனக்கும் ஒன்று அனுப்பச் சொன்னேன்! இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தப் போட்டோவைத்தான் மனைவியின் வக்கீல் நீதிபதியிடம் நீட்டினார்.

"மாட்டைக் கட்டுற மாதிரி கட்டி வச்சிருக்கார், அம்மா."

என் வக்கீல் திரும்பிப் பார்த்தார். "யோவ், இதை ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

சொல்வதற்கு என்ன இருக்கிறது? கட்டட வேலைக்குப் பிள்ளையோடு வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் கட்டுவார்கள். கட்டாதவர்கள் ஒருமுறைதான் கட்டாமல் விடுவார்கள்.

நீதிபதியம்மா மனைவியைப் பார்த்தார். "இது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னால் பிள்ளை அவளுக்கு. வக்கீலும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார். அவள் போட்டோவைப் பார்க்கவில்லை, வக்கீலைப் பார்த்தாள்.

"யாரை மாடுங்கறீங்க?"

"ஏம்மா, கேட்டதுக்கு மட்டும்..."

"இருங்க சார். எம்புள்ள மாடா? சேந்து இருந்தப்ப ஒம்பதாவது மாடியில நான் கல்லு சுமப்பேன், இவரு வெளியில சாரத்துல தொங்குவாரு. புள்ளைய எங்க விடுறது, உங்க ஆபீஸ்லயா? அந்தத் துணி சுத்தினது நான். இடுப்பு உரசுதுன்னு சுத்தினேன். இவரு குடிப்பாரு, கத்துவாரு, அதுக்குத்தான் பிரிஞ்சேன். கயித்துல ஒரு குத்தமும் இல்ல."

"இப்பவும் கட்டுறீங்களா?" நீதிபதியம்மா கேட்டார்.

"வேலைக்குப் போற அன்னிக்கெல்லாம் கட்டுறேன். கட்டாம?"

நுணல் தன் வாயால் கெட்டது. அவளுடைய வக்கீல் கோப்பை மூடினார். என் வக்கீல் மேஜைக்கடியில் என் தொடையைத் தட்டினார்: "ஜெயிச்சுட்டோம்யா."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஒரு நிமிஷம். வெட்கமாகவும் இருந்தது.

நீதிபதியம்மா எழுதிக்கொண்டே இருந்தார். நல்ல மனுஷிதான், குரலை உயர்த்தவேயில்லை. இரண்டு பேரிடமும் குழந்தை கட்டப்படுகிறது, இருவருக்குமே அது தவறு என்று தெரியவில்லை. மறு விசாரணை வரை மூன்று மாதம் குழந்தை அரசுக் காப்பகத்தில் இருக்கட்டும் என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். ஒரு வருஷத்தில் முதல் தடவை. "என்னங்க சொல்றாங்க? எங்க இருக்கட்டும்னாங்க?"

சாரத்துப் பலகை காலடியில் விலகும்போது இப்படித்தான் இருக்கும். சத்தம் பிறகுதான் வரும்.

வெளியே மாடிப்படி ஓரத்து பெஞ்சில் அலுவலர் வாண்டை உட்கார வைத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லி இரண்டடி நகர்ந்தார். வாண்டு கைப்பிடி வழியே கீழே எட்டிப் பார்த்தாள். மூன்று மாடி. உடனே எழுந்து, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டாள்.

"ஆன்ட்டி, கட்டிட்டுப் போங்க. விழுந்துடுவேன்ல?"

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஓடினோம். நீதிமன்றக் காவலர் குறுக்கே கையை நீட்டினார்.