ஞாயிற்றுக்கிழமை வரைவேன்

அப்பாவுக்கு இரண்டு காதும் கேட்காது. காலமெல்லாம் லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்தவர். "அவர் இரும்பைக் கடைஞ்சாரு, இரும்பு அவர் காதைக் கடைஞ்சிருச்சு" என்பான் அண்ணன். அதனால் வெளிநாட்டில் இருக்கும் மகள் பொடிசு அவரோடு போனில் பேச முடியாது, எழுதத்தான் வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். அப்பாவுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் ஓடும். பொடிசுக்கோ, போனில் 'ழ' எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் சொல்ல வந்ததே மறந்துவிடும். ஆகவே மைக்கை அமுக்கிப் பேசுவாள், போன் கேட்டதை எழுதிக்கொள்ளும்.

போனுக்கும் காது கொஞ்சம் மந்தம்தான். வந்த புதிதில், "நான் இங்க புரோகிராமர்ப்பா" என்று அவள் சொன்னதை, 'நான் இங்க பூரா கிராமம்ப்பா' என்று எழுதி அனுப்பிவிட்டது. அப்பா அதை அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் காட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து அண்ணன் எப்போது கூப்பிட்டாலும் முதல் கேள்வி இதுதான்: "என்ன, பூரா கிராமமும் சௌக்கியமா?"

கடைக்குட்டி என்பதால் பொடிசு. ஆள் வளர்ந்தும் பெயர் வளரவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது அவளுடைய கம்பெனி, அவள் உட்கார்ந்திருந்த வரிசை முழுவதையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. கட்டிலில் போர்வைக்குள் உட்கார்ந்தபடியே, "ஆபீஸுக்குக் கிளம்பிட்டேன்ப்பா" என்று தினமும் காலையில் போனிடம் சொல்வாள். போன் இந்தப் பொய்யை மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதும்.

வேலை இல்லாமல் ஊருக்குப் போனால் திரும்பி வரக் கதவு திறக்காது. போகாமல் இருந்தாலோ, இருக்க அனுமதித்த விசாக் காகிதம் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்தது. பயம் வரும்போதெல்லாம் வரைந்தாள். யாரிடமும் போய்க் கற்றதில்லை. அனுப்பியும் பதில் வராத வேலை விண்ணப்பப் பிரதிகளின் பின்பக்கத்தில், ரயிலில் தூங்குகிறவர்கள், ஜன்னல் துடைக்கிறவர், எதிர்க் கட்டிலில் வாய் பிளந்து உறங்கும் அறைத்தோழி நர்ஸ் அக்கா. சுவர் நிறைந்துவிட்டது.

அந்த வாரம் ஒரு கம்பெனி நேர்காணலுக்குக் கூப்பிட்டது. டியூட்டி முடிந்து வந்த நர்ஸ் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் பாடம் எடுக்க ஆரம்பித்தாள்.

"உன்னைப் பத்திச் சொல்லுன்னு கேப்பாங்க. அங்கதான் ஒவ்வொரு தடவையும் நீ கோட்டை விடறே."

"என்னைப் பத்திச் சொல்ல என்னக்கா இருக்கு?"

"செவுத்தைப் பாரு. நான் வாயைப் பிளந்து தூங்கறதை ஊருக்கே காட்டுற அளவுக்கு வரையறே, அதைச் சொல்லேன். முதல்ல தமிழ்ல சொல்லிப் பாரு. நம்ம வாயில வராதது இங்கிலீஷ்ல மட்டும் வந்துருமா?"

பொடிசு போனை எடுத்தாள். தமிழில் பேசிப் பேசி எழுதிப் பழகிய ஒரே இடம் அப்பாவின் வாட்ஸப் பக்கம்தான். அதையே திறந்து வைத்துக்கொண்டாள். எழுத்தில் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு அழித்துவிடலாம்.

"நான் கம்ப்யூட்டர்ல வேலை செய்யறவ. இப்ப வேலை இல்ல, தேடிக்கிட்டிருக்கேன். அதோட, நான் ஒரு ஓவியர். யாரும் சொல்லித் தரல, நானே கத்துக்கிட்டேன். என்ன ஆனாலும் சரி, ஞாயித்துக்கிழமை வரைவேன்."

"ஓவியர்னு சொல்றப்ப மட்டும் ஏன் குரல் உள்ள போகுது? திருட்டுச் சாமான் விக்கிறியா? நிமிந்து உக்காருடி!" என்று நர்ஸ் அக்கா முதுகில் ஒன்று வைத்தாள்.

வைத்த வேகத்தில் பொடிசின் கட்டைவிரல் அனுப்பும் அம்புக்குறியில் விழுந்தது. செய்தி போய்விட்டது. அழிக்க நினைப்பதற்குள் அப்பா படித்துவிட்டதற்கான நீலக் கோடுகள் வந்துவிட்டன.

"ஐயோ அக்கா, போச்சு! வேலை இல்லைன்னு படிச்சிட்டாரு!"

அவள் கண் அந்த ஒரு வரியிலேயே ஒட்டிக்கொண்டது. அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

'சரிம்மா. ரொம்ப சந்தோஷம். எதையும் யோசிக்காதே.'

"பாத்தியா? நீயா பூதமாக்கி வெச்சிருந்தே" என்றாள் நர்ஸ் அக்கா. மகளுக்கு வேலை போனதில் ஒரு அப்பாவுக்கு என்ன சந்தோஷம் என்று பொடிசுக்குப் புரியவில்லை. தன்னைத் தேற்றத்தான் அப்படி எழுதுகிறார் என்று எண்ணிக்கொண்டாள். மனசிலிருந்து ஒரு கல் இறங்கியதுபோல் இருந்தது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

நேர்காணல் ஒரு கண்ணாடி அறையில் நடந்தது. மேஜைக்கு எதிர்ப்புறம் மூன்று பேர். ஓவியம் என்று அவள் சொன்னதும் நடுவில் இருந்தவர் தலை நிமிர்ந்தார். "பொழுதுபோக்கா?" என்று கேட்டார். "ஆமாம், சும்மா" என்று சொல்லிவிட்டாள். சொன்னதும் வாய் கசந்தது. அதற்கப்புறம் கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொன்னாள், ஆனால் குரல் எங்கோ போய்விட்டிருந்தது. சனிக்கிழமை மெயில் வந்தது. வருந்துகிறார்களாம். வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தபோது அண்ணன் வீடியோவில் வந்தான். பின்னால் ஒரே இரைச்சல், பஸ் ஹாரன்.

"ஏய் பொடிசு, எந்த பஸ்டி?"

"எந்த பஸ்ஸா?"

"ஏர்போர்ட்ல இருந்து வர்ற பஸ் ஒண்ணு விடாம பாத்தாச்சு. அப்பா விடியறதுக்கு முன்னாடியே வந்து உக்காந்துட்டாரு. இங்க மதியம் ஆகுது, நீ என்னடான்னா ரூம்ல உக்காந்து பென்சில் சீவிட்டிருக்கே?"

"நான் வர்றேன்னு யாரு சொன்னா?"

"நீதான் எழுதினே. டிக்கெட் விவரமே இல்லையேன்னு நான் எழுதிக் கேட்டதுக்கு, 'வேலை போய் மனசு ஒடைஞ்சு வர்றா, நோண்டி நோண்டிக் கேக்காதே'ன்னு என் வாயை அடைச்சிட்டாரு. உன் ரூமைக் காலி பண்ணி, கட்டிலுக்கெல்லாம் வார்னிஷ் அடிச்சு வெச்சிருக்காரு!"

பொடிசு பதறிப்போய்ப் பழைய செய்தியைத் தேடி எடுத்தாள். கடைசி வரி இருந்தது. 'என்ன ஆனாலும் சரி, ஞாயித்துக்கிழமை வருவேன்.'

மைக்கை அமுக்கி, "வருவேன்னு சொல்லலப்பா, வரைவேன்னு சொன்னேன்" என்றாள். போன் எழுதியது: 'வருவேன்னு சொல்லலப்பா, வருவேன்னு சொன்னேன்.' திரும்பச் சொன்னாள். அழுத்திச் சொன்னாள். எப்படிச் சொன்னாலும் அதற்கு வருவேன்தான். கடைசியில் 'ரு'வை அழித்து, எழுத்துப் பலகையைத் துழாவி 'ரை' போட்டாள். போன் அதையும் தானாக மாற்றியது. மறுபடி அழித்தாள், மறுபடி போட்டாள்.

"விடாம திருத்து. அதுவும் உன்னை மாதிரிதான், தானே கத்துக்கும்" என்றாள் நர்ஸ் அக்கா, மெதுவாக.

ஒருவழியாகச் சரியான சொல் போய்ச் சேர்ந்தது. அண்ணனின் போனில் அப்பா தெரிந்தார். சிமெண்ட் பெஞ்சில், சலவைச் சட்டையில், பக்கத்து இடத்தில் யாரும் உட்காராதபடி குடையைப் போட்டு வைத்திருந்தார். தன் போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், கையால் வெயிலை மறைத்துப் படித்தார். அந்த 'ரை'யும் அவர் கண்ணுக்கு 'ரு'வாகவே பட்டது. மகனைப் பார்த்து, "அதான் வருவேன் வருவேன்னு எழுதறாளேடா, நீ என்ன அவசரப்படுத்தறே?" என்றார்.

பொடிசு ஒரு காகிதத்தைத் திருப்பிப் போட்டாள். பென்சில் தானாக ஓடியது. பெஞ்ச், அதில் அப்பா, வளைந்த பிடி வைத்த குடை, பக்கத்தில் காலி இடம். மூலையில், வெகு தூரத்தில், ஒரு கட்டில். அதில் குனிந்து வரைந்துகொண்டிருக்கும் ஒரு பெண். தன்னை அவள் வரைந்தது அதுதான் முதல் தடவை. தூக்கி கேமராவுக்கு நேரே பிடித்தாள்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில், "ஓ... வரைவேனா!" என்றார். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. சிரித்தார். சிரிப்பு பாதியில் எங்கோ நின்றுவிட்டது.

"யாரும்மா சொல்லித் தந்தாங்க?"

அவள் இல்லை என்று தலையாட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"அச்சு அசலா இருக்கு. குடைதான் தப்பு." பக்கத்தில் இருந்த குடையை எடுத்துக் காட்டினார். மடக்குக் குடை. "வளைஞ்ச பிடி வெச்சது எப்பவோ ஒடைஞ்சு போச்சும்மா. உனக்கு எப்படித் தெரியும்."

அவளுக்குத் தெரிந்த அப்பாவிடம் இன்னும் அந்தப் பழைய குடைதான் இருந்தது.

குடையை எடுத்த பிறகு பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. சற்று நேரத்தில் ஒரு பெரியவர் வந்து அதில் உட்கார்ந்துவிட்டார். அப்பா தடுக்கவில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, கேமராவுக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"அப்போ, எப்பம்மா வருவே?"

பொடிசு மைக்கை அமுக்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தெளிவாகச் சொன்னாள். "வருவேன்ப்பா."

போன் எழுதியது: 'வரைவேன்ப்பா.'

காலையெல்லாம் மல்லுக்கட்டி அவள் கற்றுக்கொடுத்தது. விரல் அந்த 'ரை'க்கு மேல் போய் நின்றது. எடுத்துவிட்டு 'ரு' போட ஒரு நொடி போதும். ஆனால் 'எப்ப' என்பதற்கு என்ன எழுதுவது?

அப்படியே அனுப்பினாள்.

பஸ் இரைச்சலுக்கு நடுவே அப்பா போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் படித்தார். மெல்லத் தலையாட்டினார். எந்தச் சொல்லைப் படித்தார் என்று அவள் கேட்கவில்லை.