லிப்ஸ்கி கடையில் கருகிய எண்ணெய்

அன்று சமையலறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: கடைக்குச் சொந்தக்காரி ஹெட்விக் லிப்ஸ்கி, காலமான கணவரின் தம்பி காசிமிர், பக்கத்து மாநிலமான இலினாயிலிருந்து வந்த மருமகள் நாடீன். ஹெட்விக்கின் மகனும் நாடீனின் கணவனுமான ரோமன் வெளியே பாரில் பீர் ஊற்றிக்கொண்டிருந்தான். மற்றவர்களெல்லாம் கூடத்தில் மீனுக்காகக் காத்திருந்தார்கள்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கத்தோலிக்கர் இறைச்சி தொடாத நாள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் அந்த நாளில் மீன் பொரிக்காத மதுக்கடை கதவைச் சாத்திக்கொண்டு போவதே மேல். லிப்ஸ்கி கடையில் வெள்ளிக்கிழமை எண்ணெய் ஆறிப்போனது என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்தப் பெயருக்குக் கறை படாமல் காப்பதே ஹெட்விக்கின் பிழைப்பாக இருந்தது.

மாமனார் காலத்து வழக்கப்படி, மீன் கூடையை இறக்குமுன் ஒரு சொட்டு மாவை ஃப்ரையர் தொட்டியின் எண்ணெயில் விட்டாள். அது மிதந்து, மெல்லப் பொன்னிறமாக வேண்டும். விழுந்த கணமே கருகிவிட்டது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் என்னவோ எப்போதும் வைக்கும் முந்நூற்றைம்பது ஃபாரன்ஹீட்டில்தான் நின்றது.

"அத்தை, புகையுது," என்றாள் நாடீன். "சூடு ஏறிட்டே போகுது. சேஃப்டி சுவிட்ச் இந்நேரம் கேஸை நிறுத்தியிருக்கணுமே?"

காசிமிர் எலுமிச்சை நறுக்குவதை நிறுத்தவில்லை. "அதை நான்தான் கழட்டி விட்டேன். போன வெள்ளி கூட்ட நேரத்துல சும்மா சும்மா நிறுத்திடுச்சு. ரெண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிட்டேன், தொல்லை விட்டுது."

"சும்மா நிறுத்தல, சின்ன மாமா. சூட்டைக் கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட் கெட்டுப்போச்சுன்னு அது கத்தியிருக்கு. நீங்க அதோட வாயைக் கட்டிட்டீங்க."

"ஓகோ! நீ வர்றதுக்கு முன்னாடி இங்க மீனே பொரியல, பாரு."

ஹெட்விக் சுற்றிலும் பார்த்தாள். வாசலருகே சுவரில் சிவப்புக் கைப்பிடி இருந்தது. இழுத்தால் மேலிருந்து நுரை கொட்டும். நெருப்பு அணையும்; ஆனால் நுரை படிந்த சமையலறையைச் சீராக்கி முடிக்க, தவக்காலம் முடியும்வரை கடை திறக்காது. இழுக்காமல் விட்டு, எண்ணெய் பற்றிக்கொண்டால் கடையே இருக்காது. கேஸ் வால்வு ஃப்ரையருக்குப் பக்கத்துச் சுவரில். அதை மறைத்துக்கொண்டு காசிமிர் நின்றான்.

"அண்ணி, ஃபாதர் வந்து உக்காந்திருக்கார். இப்ப அணைச்சா ஊரே சிரிக்கும். மீனைப் போடுங்க, சூடு தன்னால இறங்கும்."

ஈர மீன் நிறைந்த கூடை அவள் கையில் இருந்தது. அதிலிருந்து ஒரு துளி எண்ணெயில் சொட்டியது. எண்ணெய் சீறி அவள் மணிக்கட்டில் தெறித்தது. ஒரு துளிக்கே இப்படி. கூடை இறங்கினால் தொட்டி பொங்கி நேரே அடுப்பில் வழியும்.

கூடையை மேசையில் வைத்தாள்.

"தள்ளு."

"அண்ணி, நம்ம பேரு..."

"தள்ளுன்னு சொன்னேன்."

வால்வைத் திருகினாள். அடுப்பின் உறுமல் அடங்கியது. புகை அடங்கவில்லை. நாடீன் கையுறையோடு இரும்பு மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தித் தொட்டியை மூடினாள். மூடியின் ஓரத்தில் புகை கசிந்தது. ஹெட்விக் சிவப்புக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். கூடத்தில் யாரோ தட்டைத் தட்டி மீன் கேட்டார்கள். புகை மெல்ல மெல்ல இளைத்து நூலாயிற்று. பிறகு அதுவும் இல்லை. அப்போதுதான் கையை எடுத்தாள்.

அதற்குள் காசிமிர் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போயிருந்தான். அவன் குரல் கேட்டது: "நம்ம இலினாய் மகாராணி எதையோ திருகி எண்ணெயைக் கருக்கிட்டா, சாமி!"

கூடம் சிரித்தது. ரோமன் அடுத்த பீரை ஊற்றினான். நாடீன் மாவுச் சட்டியைப் பார்த்தபடி நின்றாள்.

பேசாமல் இருந்துவிட்டால் போதும். வெளியூர்ப் பெண்ணின் தவறாக அது முடிந்துவிடும்; லிப்ஸ்கி பெயரில் கீறல் விழாது. ஹெட்விக் ஏப்ரனை நேராக்கிக்கொண்டு ஃபாதரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். சிரிப்பு தானாக ஓய்ந்தது.

"அவன் சொன்னது பொய். சேஃப்டி சுவிட்ச் ஒயரை முறுக்கினது எங்க காசிமிர். தப்பு நடக்குதுன்னு முதல்ல சொன்னது என் மருமக. கேஸை அடைச்சது நான். இன்னிக்குப் பொரிச்ச மீன் கிடையாது."