நிரப்பாத கட்டங்கள்

மூன்றாவது டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்தபோது கிளெனிஸின் கன்னம் ஒருமுறை சுருக்கென்று இழுத்தது. வலி என்று சொல்ல முடியாது. உள்ளே தையல் கரைந்த இடத்தை நாக்கு தானாகப் போய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டது. மூன்று வாரமாக நாக்குக்கு இதுவே வேலை. அங்கிருந்து வெட்டி எடுத்த ஒரு சின்னத் துண்டு இப்போது அவளுடைய சிறுநீர்க் குழாயில் தைக்கப்பட்டிருக்கிறது. ஒட்டிக்கொண்டதா, சுருங்கிப்போனதா என்பது இன்று பகலுக்குள் தெரிந்துவிடும்.

காலையில் பெர்த் நகரத்து ஆஸ்பத்திரியில் மரிசெல் என்ற நர்ஸ் வந்து, மூன்று வாரமாகத் தொடையில் கட்டியிருந்த பையையும் அதோடு சேர்ந்த ரப்பர் குழாயையும் எடுத்துவிட்டாள். "இருமுங்கம்மா... இன்னொரு தடவை... அவ்ளோதான். குடியிருந்தவன் வீட்டைக் காலி பண்ணிட்டான்" என்று சிரித்தாள். பிறகு தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தாள். "இதைக் குடிங்க. முட்டிக்கிட்டு வரும்போது போங்க. உள்ள அளவுச் சட்டி வச்சிருக்கேன், அதுலதான் போகணும். அப்புறம் வயித்துல கருவி வச்சு எவ்வளவு மிச்சம் நிக்குதுன்னு பாத்துடலாம்."

"வரலைன்னா?"

"முதல்ல போய்ப் பாருங்க."

வராவிட்டால் என்ன என்பதை டாக்டர் பெட்ராக்கிஸ் முன்பே சொல்லியிருந்தாள். நாளுக்கு நான்கு முறை அவளே மெல்லிய குழாய் ஒன்றைச் செருகிச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும், ஆயுள் முழுக்க. டாக்டர் அதை நல்ல விதமாகத்தான் சொன்னாள். ஆனால் கிளெனிஸுக்கு அப்போது கண்முன் வந்தது அவள் ஊரான கூராடினில் தானியக் கிடங்கின் தகரக் கழிப்பறை. கை கழுவத் தொட்டிகூட உள்ளே கிடையாது. வெளியே பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் தண்ணீர் இருக்கும்.

பதினோரு வருஷமாக அவள் வேலை அங்கேதான். அறுவடைக் காலத்தில் கோதுமை லாரிகள் வரிசையாக வந்து நிற்கும். மேடைமேல் நின்று நீளக் குழாயை லாரிக்குள் இறக்கி மாதிரி எடுத்து, ஈரம் பார்த்து, தரம் எழுதிக் கொடுப்பாள். அவள் இறங்கிக் கழிப்பறைக்குப் போனால் வரிசை நின்றுவிடும். மற்ற பெண்களுக்கு ஒரு நிமிஷத்தில் முடிகிற காரியம் அவளுக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. நூல்போல வரும், நிற்கும், முக்கினால் மறுபடி சொட்டும். எழுந்தால் இன்னும் இருப்பதுபோலவே இருக்கும். சிறுநீர் வழி சுருங்கிவிட்டது, பெண்களுக்கு அபூர்வம், ஏன் வந்ததென்று சொல்ல முடியாது என்றார்கள் டாக்டர்கள். பெர்த்துக்கு வரவழைத்து மயக்கம் கொடுத்துக் கம்பியால் விரித்துவிட்டார்கள். ஆறு மாதம் தாங்கியது. அடுத்த தடவை நான்கு மாதம். ஏழாவது தடவை ஐந்து வாரம்கூடத் தாங்கவில்லை.

முதல் வருஷமே ஒரு லாரிக்காரன் ஹாரனை அழுத்தி, "உள்ள உக்காந்து குறுக்கெழுத்துப் போடுறியா?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் கிளெனிஸ் கக்கத்தில் செய்தித்தாளோடு போனாள். அதுவே பழக்கமாகிவிட்டது. 'அம்மா படிச்சிட்டு வரட்டும்' என்று வரிசையில் பேசிக்கொள்வார்கள். கேலிக்கு ஒரு காரணம் கொடுத்துவிட்டால் யாரும் வேறு காரணம் தேடுவதில்லை என்று அவளுக்கு அன்றே புரிந்தது.

இந்த முறையும் அப்படித்தான் செய்தாள். கன்னத்தின் உள்தோல் எப்போதும் ஈரத்தில் இருந்து பழகியது, அதனால் சிறுநீர்க் குழாயிலும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்று டாக்டர் விளக்கியபோது, அவளுக்கு முதலில் தோன்றியது நிம்மதிதான். வாயில் ஆபரேஷன் என்று சொல்லிவிடலாம். சொல்லியும்விட்டாள். கடவாய்ப் பல்லில் ஏதோ கோளாறு, வெட்டி எடுக்கிறார்கள். ஊர் நம்பியது. வீங்கின கன்னத்தோடு திரும்பி வந்தவளின் வாசலில் ஐஸ்கிரீம் டப்பாக்களில் பூசணி சூப் வந்து குவிந்தது. தபால் நிலையத்து மொரீன், "உனக்கென்னடி, ஊர்க்காரங்க கேள்விக்கெல்லாம் வாயத் தொறக்காம இருக்க டாக்டரே சீட்டு குடுத்துட்டாரு" என்றாள். கிளெனிஸ் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தொளதொள கால்சட்டைக்குள் பை கனத்துக்கொண்டிருந்தது. மூன்று வாரமும் எல்லோருடைய அன்பும் அவளுடைய வாய்க்கே போய்ச் சேர்ந்தது. கீழே இருந்த பயத்துக்கு ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை.

நான்காவது டம்ளருக்குப் பிறகு எழுந்தாள். வரவேற்பறை மேஜையில் கிடந்த செய்தித்தாளைக் கை எடுத்துக்கொண்டது. கழிப்பறைக்குள் உட்கார்ந்தபின்தான் அதைக் கவனித்தாள். அதை முழங்கால்மேல் விரித்து வைத்துக் காத்திருந்தாள். அடிவயிறு கல்லாக இருந்தது. கை கழுவும் குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டாள். தன் உடம்பு ஒரு பழைய கதவைப்போலத் தனக்கு எதிராக நின்றுகொண்டிருப்பதாகத் தோன்றியது. கோதுமை வயல்களை நினைத்தாள், கடலை நினைத்தாள். சட்டி காய்ந்தே கிடந்தது. இருபது நிமிஷம் கழித்து வெளியே வந்தபோது மரிசெல், "கொஞ்சம் நடங்க" என்றாள்.

நடைகூடத்தின் கோடி ஜன்னலருகே நின்றிருந்தபோது போன் அடித்தது. டாரல். கிடங்கில் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் அவளோடு வேலை பார்ப்பவன். மனைவி போன பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்ட மனிதன்.

"வாய் எப்படி இருக்கு?"

"அதைக் காட்டத்தான் வந்திருக்கேன். பாத்துட்டிருக்காங்க."

"சரி, சரி." லாரி ஒன்று உறுமிக் கடந்து போகும் சத்தம் கேட்டது. "இங்க உன் பேப்பர் தினமும் வருது. மேஜையில அடுக்கி வச்சிருக்கேன். நீ இல்லாம எனக்குப் பொழுதே போகல."

"நீதான் பேப்பரே படிக்க மாட்டியே."

"குறுக்கெழுத்து போடுவேன்ல."

"எந்தக் குறுக்கெழுத்து?"

"நீ கொண்டுபோய்ட்டு வந்து மேஜையில போடுவியே, அது. நீ வீட்டுக்குப் போனப்புறம் எடுத்து நிரப்புவேன்." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "பதினோரு வருஷமா, கிளெனிஸ். நீ ஒரு கட்டம்கூட போட்டதில்ல."

அவள் ஜன்னல் கண்ணாடியில் கையை வைத்தாள். வெயில் பட்டுக் கண்ணாடி சூடாக இருந்தது.

"நீ ஒரு நாளும் கேக்கலையே."

"கேட்டா நீ வேற ஏதாவது கொண்டுபோக ஆரம்பிச்சிருப்ப" என்றான். பிறகு, "நம்ம கழிப்பறைத் தகரம் மெல்லிசு. வேலை பாக்குறவனுக்குக் காது இருக்குல்ல. இத்தனை வருஷம் நீ கஷ்டப்பட்டது..." என்று நிறுத்தினான். "சரி விடு. நல்லா குணமாகி வா. சூப் போதும்னு ஊர்ல சொல்லிடவா?"

"போதும்னு சொல்லு" என்றாள்.

போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அவமானமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். வந்தது அவமானம் இல்லை. ஆளில்லாத வீடு என்று நினைத்து வருஷக்கணக்காகத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தவளுக்கு, பக்கத்து அறையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்று தெரியவந்ததுபோல இருந்தது. அது ஆறுதலா, இன்னும் பெரிய தனிமையா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

செய்தித்தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மறுபடி உள்ளே போனாள். முழங்கால்மேல் ஒன்றும் இல்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடையில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். முதலில் ஒரு எரிச்சல். பிறகு, அவள் முக்காமலே, சட்டியில் சத்தம் கேட்டது. பக்கத்தில் வேறு யாரோ போகிறார்கள் என்றுதான் ஒரு கணம் நினைத்தாள்.

மரிசெல் கருவியை வைத்துப் பார்த்தாள். "மிச்சம் அம்பது மில்லிகூட இல்ல. சாதிச்சிட்டீங்கம்மா!" என்று அவள் தோளைத் தட்டினாள். "மூணு மாசம் கழிச்சு வாங்க, மறுபடி பாக்கலாம். சுருங்காம இருந்தா ஜெயிச்ச மாதிரி. யாருக்காவது போன் பண்ணணுமா?"

"இல்ல" என்றாள் கிளெனிஸ். யாருக்குப் பண்ணினாலும் வாயைப் பற்றித்தான் கேட்பார்கள்.

மூன்று மணி நேரம் காரோட்டி வந்தாள். ஊருக்குள் போகாமல் கிடங்குப் பக்கம் திரும்பினாள். அறுவடை முடிந்த பூமி பழுப்பாகக் கிடந்தது. எடைமேடையில் லாரி எதுவும் இல்லை. அலுவலகக் கதவு திறந்திருந்தது, உள்ளே டாரலைக் காணவில்லை. மேஜையில் மூன்று வாரத்துச் செய்தித்தாள்கள் விளிம்பு ஒத்து அடுக்கியிருந்தன. மேலே இருந்ததைப் புரட்டினாள். கட்டங்கள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. ஒரு பென்சில் சீவி வைக்கப்பட்டிருந்தது.

வழியெல்லாம் குடித்த தண்ணீர் முட்டியது. அவள் வெறுங்கையோடு தகரக் கழிப்பறைக்குள் போனாள். கூரையில் இருந்த ஆணி ஓட்டை வழியாக வெயில் ஒரு காசளவு வட்டமாக இறங்கி அவள் முழங்கால்மேல் விழுந்தது. சத்தம் ஆரம்பித்தபோது வெளியே சரளையில் பூட்ஸ் காலடி ஒன்று நெருங்கி வந்தது. வந்து, சற்றுத் தள்ளியே நின்றுவிட்டது. திரும்பியும் போகவில்லை.

அவள் அடக்கிக்கொள்ளவில்லை. முழங்கால்மேல் கிடந்த வெளிச்சத்தை உள்ளங்கையில் ஏந்தி, அது மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.