பெட்டிக்காரரும் நானும்

என் மனைவி இரண்டு வாரமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த கதாபாத்திரத்தை, அவள் கண்முன்னாலேயே நான் எடுத்துக்கொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் கொஞ்சம் திறமையாகவாவது செய்திருப்பேன்.

நாங்கள் இருவரும் ஒரே மாலை வகுப்பில் படிக்கிறோம். வேலைக்குப் போகிறவர்களுக்கான இலக்கிய வகுப்பு. பகலில் குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடும். இந்தப் பருவத்துக்கு ஒரு நாவல் பாடம். ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்த ஆள் வழியாக நாவலின் கருப்பொருளைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். ஒருவர் எடுத்ததை இன்னொருவர் எடுக்கக் கூடாது.

ஆசிரியை முன்வரிசையிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார். நான் முன்வரிசை, பலகை தெரியவில்லை என்று பொய் சொல்லிப் பிடித்த இடம். மனைவி எனக்குப் பின்னால். நாவலில் அதுவரை நான் படித்திருந்தது முன்னட்டை, பின்னட்டை, நடுவில் ஒரு சாப்பாட்டுக் காட்சி.

"நீங்க சார்?"

தலைக்குள் கரண்ட் போய்விட்டது. அந்த இருட்டில் எனக்குத் தெரிந்த ஒரே முகம், முன்பெல்லாம் வீட்டில் காலையும் மாலையும் மனைவி பேசிப் பேசி என் காதில் விழுந்திருந்த முகம்.

"மூத்த மகள்," என்றேன்.

பின்னால் ஒரு பேனா மூடி டக்கென்று மூடிக்கொண்டது.

ரயில் சந்திப்புக்குப் பக்கத்தில் விடுதி நடத்தும் ஒரு குடும்பத்தின் கதை அந்த நாவல். சாவிக்கொத்து மூத்த மகளின் இடுப்பில்தான் இருக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் அறை கொடுப்பாள். அவளுக்கென்று ஓர் அறை கிடையாது. எது காலியாக இருக்கிறதோ அதில் படுத்துக்கொள்வாள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மனைவி சொல்லித்தான்.

அவள் முறை வந்தபோது பலகையில் அநேகமாக எல்லாப் பெயரும் அடிபட்டிருந்தது.

"யாரு மிச்சம், மிஸ்?"

"மாடியில கடைசி ரூம்ல இருப்பாரே, வந்ததுலேர்ந்து பெட்டியையே திறக்காம. அவர்தான். ஆனா கொஞ்சப் பக்கம்தான் வர்றார். கஷ்டம்."

உடனே அவள் பக்கத்திலிருந்து ஒரு குரல். மருந்துக்கடை வைத்திருப்பவருடையது. வானொலியில் செய்தி வாசித்திருக்க வேண்டிய குரல். இருமல் மருந்துக்கு அளவு சொல்லி வீணாகிக்கொண்டிருக்கிறது.

"மேடம், நீங்க என்னோடதை எடுத்துக்குங்க. விடுதிக்காரியம்மா நல்ல கேரக்டர். நான் யாரை வச்சு வேணா எழுதிக்குவேன்."

"வேணாம் சார். இவரே இருக்கட்டும்."

பார்த்தீர்களா? நான் பறித்தேன், அவர் கொடுக்கிறார். ஒரே நிமிடத்தில் வகுப்பு முழுக்க எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டது. அவருக்கும் எனக்கும் வயது ஒன்றுதான் என்றாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அதை நான் மறக்கவில்லை.

நான் எதற்கு இந்த வகுப்பில் இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். என் தொழில் லிஃப்ட் பழுதுபார்ப்பது. மனைவி சலவைக்கடையில் துணி வாங்கித் துணி கொடுக்கும் வேலை. வகுப்பில் முதலில் சேர்ந்தவள் அவள்தான். வகுப்பு முடிந்து வந்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரில் உட்கார்ந்து, அன்று நடந்ததையெல்லாம் கை வீசிச் சொல்வாள். ஆசிரியை மாதிரி பேசிக் காட்டுவாள். "மருந்துக்கடைக்காரர் இன்னிக்கு என்ன கேட்டார் தெரியுமா?" என்பாள். முதல் வாரம் எனக்குத் தெரியாது. போகப் போக, தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்கவில்லை. போய் நானும் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன்.

"எதுக்கு?" என்றாள்.

"உனக்குத் துணைக்கு."

"ஸ்கூல் பின் தெருவுலதானே இருக்கு?"

"இருட்டா இருக்குமே."

"தெரு முழுக்க லைட்டு எரியுது."

"கரண்ட் போச்சுன்னா?"



பேனா மூடிய அன்று வீடு வரை அவள் எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தாள். "கோவமா?" என்றேன். "இல்ல" என்றாள். லிஃப்ட் கடகடவென்று சத்தம் போட்டால் நான் பயப்பட மாட்டேன். எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். சத்தமே இல்லாமல் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றால்தான் பயம். அப்படியொரு "இல்ல" அது.

சமாதானத்துக்கு நானே இறங்கினேன். மறுநாள் காலையில் அவள் டப்பாவில் மதியச் சாப்பாட்டை அடைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"மூத்த மகளை நீயே வச்சுக்கோயேன். நான் மிஸ்கிட்ட சொல்லித் திருப்பிக் குடுத்துடறேன்."

"திருப்பிக் குடுக்க அதென்ன இரவல் வாங்கின குடையா?"

"நீ ஆசைப்பட்டதாச்சே."

"இப்ப எனக்குப் பெட்டிக்காரர் போதும்."

போதும் என்று சொன்ன விதம் இருக்கிறதே, அதில் எனக்குப் பகீரென்றது. நான் நினைத்தது, கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுகிறாள் என்று. அப்படி இல்லை. அவளுக்கு அந்த ஆளை நிஜமாகவே பிடித்துப்போயிருந்தது. துணி மடிக்கும்போது யோசிக்கிறாள். பல் தேய்க்கும்போது நுரையோடு நின்று, திடீரென்று தலையாட்டுகிறாள். தொலைபேசியில் மருந்துக்கடைக்காரரிடம் சொல்கிறாள்: "பெட்டியில ஒண்ணுமே இல்லன்னு எல்லாரும் நினைக்கிறாங்க சார். எனக்கு அப்படித் தோணல." இதை அவரிடம் சொல்கிறாள், என்னிடம் அல்ல. பக்கத்து அறையில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன், குழாயைச் சின்னதாக வைத்துக்கொண்டு.

மருந்துக்கடைக்காரர் மேல் பொறாமைப்பட்டாலாவது அதில் ஒரு மரியாதை உண்டு. கடை இருக்கிறது, குரல் இருக்கிறது, தலையில் முடிகூட இருக்கிறது. வெறும் அச்சு மையில் இருக்கிற ஒரு ஆள், அதுவும் நாவலில் மொத்தமே கொஞ்சப் பக்கம் வருகிற ஆள்! அவரோடு நான் எப்படிப் போட்டி போடுவது? கடைசியில் அந்தப் பக்கங்களைத் தேடிப் பிடித்துப் படித்தேன். குறை கண்டுபிடிக்கத்தான்.

"உன் ஆளு நாவல் முழுக்க ஒரு தடவகூடக் குளிக்கல. கவனிச்சியா?"

"அவர் குளிக்கறதைக் கவனிக்கவா உக்காந்திருக்கேன்? நீங்க போய் மூத்த மகளைப் பாருங்க. பாவம், அவளுக்கு உங்களை விட்டா ஆள் இல்ல."

அதுவும் உண்மைதான். ஆசிரியை திட்டம் போடச் சொல்லிக்கொடுத்த முறை சுலபமானது. "முதல்ல ஒரே ஒரு வாக்கியம். இந்த ஆளுக்கு என்ன வேணும்? அடுத்தது, அது கிடைக்காமத் தடுக்கறது எது? அதுக்கு அவர் என்ன பண்றார், எந்தெந்தக் காட்சியில? இவ்வளவு எழுதிட்டீங்கன்னா கருப்பொருள் தானா வந்து உக்காந்துக்கும்." நான் கருப்பொருளை முதலில் உட்கார வைத்தேன். பெண்மை, தியாகம், சமுதாயம், ரயில். ரயிலை எதற்குப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. நாவலில் வருகிறதே என்றுதான். கீழே மனைவி எப்போதோ சொன்னதையெல்லாம் நினைவிலிருந்து எடுத்து அடுக்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

திட்டத்தை வகுப்பில் பேசிக் காட்டும் நாள் வந்தது. பலகை இருக்கும் பக்கம் போய் நின்று பேச வேண்டும். மனைவி சலவைக்கடைச் சேலையிலேயே வந்திருந்தாள். கையில் காகிதம்கூட இல்லை.

"பெட்டிக்காரருக்கு என்ன வேணும்னா, எப்ப நினைச்சாலும் கிளம்பிடலாம்ங்கற நிம்மதி வேணும்," என்றாள். "அந்த நாவல்ல எல்லாரும் ஒரு வீடு வேணும்னு அலையறாங்க. இவர் மட்டும்தான், யாரும் பிடிச்சு வைக்கலன்னா இருந்துடற ஆளு. அதுக்கு எனக்குக் காட்சிகள் இருக்கு. ஆனா ஒரு காட்சி இடிக்குது. ஒரு நாள் சட்டையைக் கழட்டி அந்த ரூம் ஆணியில மாட்டறார். பெட்டியில வைக்கல. நான் சொல்றதுக்கு அது நேர் எதிரா இருக்கு. அதனால அதைத்தான் கட்டுரையில முதல்ல வைக்கப் போறேன்."

ஆசிரியை கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார். மருந்துக்கடைக்காரர் கை தட்டினார், உடனே எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். மனசுக்குள் என்ன ஓடியது என்று சொன்னால் வெட்கக்கேடு. என் பெண்டாட்டி என்று ஒரு பெருமை. அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டே இன்னொன்று. இவ்வளவும் அவளுக்குள் இருந்திருக்கிறது, எனக்கு அதில் ஒரு வாய்கூடக் கிடைக்கவில்லை.

அடுத்து நான். சாவிக்கொத்து, காலி அறை, தியாகம் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"சரி சார். மூத்த மகளுக்கு என்ன வேணும்?" என்றார் ஆசிரியை.

"சாவி."

"அது அவகிட்டதானே இருக்கு?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்; கூட்டத்தோடு சேர்ந்து சிரித்துவிட்டால் நம் மேல் கொஞ்சம் குறைவாக விழும்.

"இல்ல மிஸ், ரூம். ஒரு ரூம் வேணும்."

"எல்லா ரூமும் அவளால திறக்க முடியுமே. ஏன் ஒண்ணை எடுத்துக்கல?"

ஏன்? மனைவி அதைச் சொல்ல ஆரம்பித்தது எனக்கு ஞாபகம் வந்தது. நான் வகுப்பில் சேர்வதற்கு முந்தின நாள், சாப்பாட்டுக்கு எதிரில் உட்கார்ந்து, "அவ ஏன் ஒரு ரூம்கூட எடுத்துக்கல தெரியுமா?" என்றாள். நான் அதற்கு, "மருந்துக்கடைக்காரர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன். அவள் எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். அந்த இடத்தோடு எனக்கு நாவல் முடிந்துவிட்டது.

"நல்ல முயற்சி சார்," என்றார் ஆசிரியை. எங்கள் லிஃப்ட் கம்பெனியில் வேலைக்கு எடுக்காத ஆட்களிடம் இதைத்தான் சொல்வார்கள்.

வகுப்பு கலைந்ததும் எனக்கு ரோஷம் வந்தது. ஆசிரியையிடம் போய், "மிஸ், நான் வகுப்பை விட்டு நின்னுடலாம்னு பாக்கறேன்," என்றேன். நிஜமாக நிற்கும் எண்ணம் இல்லை. யாராவது இரண்டு வார்த்தை கெஞ்ச வேண்டும், அவ்வளவுதான்.

"உங்க விருப்பம் சார். யோசிச்சு முடிவு பண்ணுங்க."

மருந்துக்கடைக்காரர் காதில் விழுந்துவிட்டது. "ஐயையோ அண்ணே! நீங்க இல்லன்னா வகுப்புல களையே இருக்காதே!"

கோமாளி வேண்டும் என்கிறார். இவர்களிடம் கேட்டு என்ன பயன்? கேட்க வேண்டிய ஆளிடம் கேட்க வேண்டும். பள்ளி வாசலைத் தாண்டியதும், செருப்பு வாரைச் சரி செய்ய மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் குரலைக் கொஞ்சம் தழுதழுக்க வைத்துக்கொண்டேன்.

"ஏம்மா, நான் வேணா வகுப்பை விட்டு நின்னுடட்டுமா?"

அவள் வாரை மாட்டி, நிமிர்ந்து, என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நின்னுடுங்க."

"நெஜமாவா சொல்ற?"

"நெஜமாத்தான்."

தழுதழுப்பு இப்போது கேட்காமலே வந்தது. "அவ்ளோ இடைஞ்சலாவா இருக்கேன்?"

"இடைஞ்சல் இல்லங்க. முன்னாடியெல்லாம் பாடம் நடக்கும்போதே, இதை வீட்டுக்குப் போய் இவர்கிட்ட எப்படிச் சொல்லலாம்னு யோசிச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன். எனக்குப் பாதிப் பாடம் அதுலதான் புரியும். மருந்துக்கடைக்காரர்கிட்ட சொல்லிப் பாத்தேன். கடைக்கு ஆள் வந்துட்டாங்கன்னு பாதியில வச்சுடறார். வேற யார்கிட்ட போய் நான் சொல்றது? நீங்கதான் எனக்கு முன்னாடி பெஞ்சுல முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்களே!"