லிபா தெருவுக்கு இறங்காத டிக்

அக்டோபர் பதினைந்து வந்துவிட்டால் எங்கள் ஊரில் வேறு பேச்சே கிடையாது. கடையில், பேருந்தில், பல் வைத்தியரின் நாற்காலியில்கூட ஒரே கேள்விதான்: "உங்க வீட்ல ரேடியேட்டர் சுட்டுச்சா?" குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்க, ஊருக்கே ஓரிடத்தில் வெந்நீர் காய்ச்சிக் குழாய் வழியாக வீடு வீடாக அனுப்புகிறோம். அந்த அலுவலகத்தில்தான் நான் புரோகிராம் எழுதுகிறேன். அதாவது, எது கெட்டாலும் முதலில் திட்டு வாங்குகிறவள் நான்.

அந்த வருடம்தான் என் புரோகிராமுக்கு முதல் குளிர்காலம். அதுவரை கட்டுப்பாட்டு அறையில் சுவர் முழுக்க சுவிட்சுகள் இருந்தன. அவற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு கம்ப்யூட்டரை வைத்தார்கள். திரையில் ஒரு மரம்: உச்சியில் ஊர், அதன் கீழே பேட்டைகள், பேட்டைக்குக் கீழே தெருக்கள், தெருவுக்குக் கீழே கட்டடங்கள், கட்டடத்துக்குக் கீழே வாசல்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் போட்டு 'அனுப்பு' என்று அழுத்தினால், அந்த வாசலின் வால்வு திறக்கும்.

தெருவுக்கு டிக் போட்டால் அதன் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் டிக் விழ வேண்டும். அதற்காக ஒரு ஃபங்ஷன் எழுதியிருந்தேன். ஒரு கிளையிடம் போகும், டிக் போடும், "உனக்குக் கீழே யாராவது உண்டா?" என்று கேட்கும். உண்டு என்றால் தன்னையே மறுபடி கூப்பிட்டுக்கொண்டு கீழே இறங்கும். யாருமில்லை என்றால் வந்த வழியே மேலே ஏறி அடுத்த கிளைக்குப் போகும். மரம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் சரி, கையகலக் குறிப்புதான். எனக்கு அதன்மேல் கொஞ்சம் கர்வம் உண்டு, ஒளிப்பானேன்.

எங்கள் டைரக்டர் ராடிவோய்க்கு அது முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. கொதிகலன் இன்ஜினியராக இருந்து மேலே வந்தவர். "தன்னைத்தானே கூப்பிட்டுக்குற ஃபங்ஷனா? என் மச்சானும் அப்படித்தான் தனக்குத்தானே பேசிட்டிருந்தான், இப்போ மாத்திரை சாப்பிடுறான்," என்றார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

லிபா தெருவில் குழாய் வெடித்து, அந்தத் தெருவை மட்டும் மூடி வைத்திருந்தோம். செவ்வாய்க்கிழமை பழுதுபார்த்து முடித்தார்கள். புதன் காலை திறக்க வேண்டியது கட்டுப்பாட்டு அறை டெசாங்காவின் பொறுப்பு. வியாழன் காலை நான் கோட்டைக் கழற்றுவதற்குள் தொலைபேசிகள் அலற ஆரம்பித்துவிட்டன.

"ஏம்மா, நீங்க வெந்நீர்தானே அனுப்புறீங்க? எங்க வீட்ல மீனை ஃபிரிட்ஜுலேர்ந்து எடுத்துப் பாத்ரூம்ல வெச்சுட்டேன். கரண்டாவது மிச்சமாகட்டும்!" என்று ஒரு கிழவர் கத்தினார். லிபா தெருவில் ஒரு மழலையர் பள்ளியும் இருந்தது. குழந்தைகளைக் கோட்டும் தொப்பியுமாக உட்கார வைத்து, பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உள்ளூர் டி.வி.க்காரன் கேமராவோடு போய்விட்டான். அதற்குமேல் என்ன வேண்டும்?

கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினேன். திரையில் லிபா தெருவுக்கு நேராக டிக் அழகாக நின்றது. கிளையை விரித்தேன். கீழே ஒரு கட்டடத்துக்கும் டிக் இல்லை, ஒரு வாசலுக்கும் இல்லை. எல்லாம் வெறும் கட்டங்கள். என் ஃபங்ஷன் கீழே இறங்காமலே திரும்பி வந்துவிட்டதா?

தெருவின் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். கீழே எல்லாம் ஒழுங்காக டிக் விழுந்தது. அனுப்பினேன். வால்வுகள் திறந்தன, தெரு சூடாக ஆரம்பித்தது. ஆனால் என் தலை அதற்கு முன்பே சூடாகிவிட்டிருந்தது.

"டெசா அக்கா, கீழ இருக்கிற டிக்கெல்லாம் நீங்க எடுத்தீங்களா?"

டெசாங்கா காபிப் பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நுரை பொங்கும் நேரத்தில் அவள் யாருக்காகவும் திரும்ப மாட்டாள். "நான் எதுக்குடி கீழ போறேன்? அந்தப் பொடி எழுத்தைப் படிக்க எனக்குக் கண்ணு எங்க இருக்கு? மேல டிக் போட்டேன். டிக் நின்னுச்சு. அனுப்பினேன். முதல்ல அந்தக் கதவைச் சாத்து, காத்து முதுகுல அடிக்குது, செத்துப்போவேன்."

வெளியே உறைபனி. உள்ளே பாதி ஊரைக் குளிப்பாட்டுகிற வெப்பம். அதில் ஒரு கதவிடுக்குக் காற்று பட்டுச் சாகப் போகிறாளாம்! கதவைச் சாத்தினேன். கொஞ்சம் பலமாகவே சாத்தினேன்.

என் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். டிக் போட்டேன், எடுத்தேன். தெருவுக்குப் போட்டேன், பேட்டைக்குப் போட்டேன், ஊருக்கே போட்டேன். ஃபங்ஷன் ஒவ்வொரு தடவையும் கடைசி வாசல்வரை இறங்கி ஏறியது. ஒவ்வொரு படியிலும் அதை நிறுத்தி வைத்துப் பார்த்தேன். இப்போது பேட்டை, இப்போது தெரு, இப்போது கட்டடம், இப்போது வாசல், கீழே யாருமில்லை, மேலே ஏறு. ஒரு கிளையைக்கூட அது விடவில்லை. பிழை இருந்தால் திருத்திவிட்டுப் போகலாம். பிழையே இல்லாததை எப்படித் திருத்துவது? வாய்விட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. பக்கத்து மேசைக் கணக்காளர் தன் புரெக் பலகாரத்தைக் கடித்துக்கொண்டு, "மறுபடியும் உன் மரமா?" என்றார். அந்தப் புரெக்கைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்திருப்பேன்.

அந்த எரிச்சலில் இருக்கும்போதுதான் டைரக்டர் கூப்பிட்டார்.

"டுன்யா, மேயர் ஆபீஸ்லேர்ந்து கேக்குறாங்க. டி.வி.க்காரங்களும் கேக்குறாங்க. எனக்கு ஒரு பேர் வேணும். உன் தன்னைத்தானே கூப்பிடுற சனியன்தான் காரணமா?"

"இல்ல சார். ஃபங்ஷன் சரியா இருக்கு. நூறு தடவை ஓட்டிப் பார்த்தாச்சு. யாரோ கீழ போய் டிக்கை எடுத்திருக்காங்க."

"யாரோன்னா டெசாங்கா."

இல்லை என்று சொல்லியிருக்கலாம், தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். என் ஃபங்ஷனைக் காப்பாற்றிய திருப்தியில் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மத்தியானத்துக்குள் உத்தரவு தயாராகிவிட்டது. டெசாங்காவைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து எடுத்துவிட்டு, மீட்டர் படிக்கும் வேலைக்கு அனுப்புகிறார்கள். மீட்டர்கள் எல்லாம் கட்டடங்களின் நிலவறையில் இருக்கும். ஈரம், இருட்டு, செங்குத்துப் படிகள். டெசாங்காவின் முட்டி எங்கள் அலுவலக மாடிப்படிக்கே ஒத்துழைக்காது. இந்தக் குளிர்காலத்தை அவள் நிலவறைகளில் ஓட்ட முடியாது, வேலையை விட்டுவிடுவாள் என்பது எல்லோருக்கும் தெரியும். டைரக்டருக்கும் தெரியும்.

அவளிடமிருந்து கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளச் சொல்லி என்னை அனுப்பினார்கள். நான் போனபோது அவள் காபிப் பாத்திரத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். கன்னம் தட்டி மூன்று முத்தம் கொடுக்காமல் யாரையும் உள்ளே விடமாட்டாள், அன்று என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"நான் கீழ போய் எடுத்தேன்னு சொன்னியாமே?"

"அக்கா, வேற எப்படி நடந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க."

"சொல்றதென்ன? உக்காரு. உன் கண்ணு முன்னாடியே போட்டுக் காட்டுறேன்."

காலையிலேயே இதைச் செய்திருக்க வேண்டும். ஃபங்ஷனை நூறு தடவை உட்கார வைத்து விசாரித்தவளுக்கு, டெசாங்காவை ஒரே ஒரு தடவை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. யாரும் குடியில்லாத பழைய ஆலைத் தெருவைக் காட்டி, "இதுக்குப் போடுங்க," என்றேன்.

மவுஸைப் பிடித்தாள். டக்‌டக். இரண்டு தடவை, வேகமாக. டிக் வந்தது, உடனே மறைந்தது.

"பாத்தியா? முதல் தடவையில என்னைக்கு நின்னுருக்கு?" என்றாள். மறுபடி ஒரு தடவை, டக். இந்தத் தடவை டிக் நின்றது. "அவ்வளவுதான். இதைத்தான் புதன்கிழமையும் செஞ்சேன்."

கிளையை விரித்தேன். கீழே எல்லாம் வெறும் கட்டங்கள்.

"எதுக்கு அக்கா ரெண்டு தடவை அழுத்துறீங்க?"

"வேற எப்படி? இந்த ஊர்ல ஒரு தடவை கேட்டு எது கிடைச்சிருக்கு? பாஸ்போர்ட் கிடைச்சுதா? பிளம்பர் வந்தானா? விருந்துக்குப் போனா முதல் தடவை ஊத்தும்போது எவனாவது ராக்கியா சாராயம் வேணும்னு சொல்வானா? எங்க வீட்டுக்காரரே ரெண்டாவது தடவை கேட்டப்புறம்தான் நான் சரின்னேன்."

தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் அழுத்தியது மூன்று தடவை. திரை மூன்றையும் எண்ணிக்கொண்டது: போடு, எடு, போடு. ஆனால் வேகமாக வந்த நடு அழுத்தலைப் புரோகிராம் கண்டுகொள்ளவில்லை. அதன் கணக்கில் முதலாவதும் மூன்றாவதுமாக இரண்டே அழுத்தல்: போடு, எடு. அந்த 'எடு'வைக் கேட்டதும் என் அருமை ஃபங்ஷன் துளிகூடப் பிசகாமல் கட்டடம் கட்டடமாக, வாசல் வாசலாக இறங்கி, எல்லா டிக்கையும் துடைத்துவிட்டு மேலே ஏறி வந்திருக்கிறது. தெருவுக்கு நேராக மட்டும் ஒரு பொய் டிக் நின்றது.

இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே வளர்ந்து, இங்கே ஒரு தடவை கேட்டால் எதுவும் நடக்காது என்று தினமும் புலம்புகிற நானே, எல்லோரும் ஒரு தடவைதான் அழுத்துவார்கள் என்று நம்பி ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். யாரைத் திட்டுவது?

திருத்தம் சின்னதுதான். வேகமாக வரும் இரண்டாவது அழுத்தலைத் திரையும் எண்ணாமல் விட்டுவிட்டால் போதும். காபி ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட்டேன். டெசாங்கா டக்‌டக் என்று அழுத்தினாள், டிக் நின்றது, கீழேயும் எல்லாம் விழுந்தது. "இப்போ முதல் தடவையே நிக்குதே, எனக்கு நம்பிக்கையே வரல," என்றாள்.

டைரக்டரிடம் ஓடினேன். அவர் தொலைபேசியில் இருந்தார். ரிசீவரின் வாயை மட்டும் கையால் மூடிக்கொண்டு கேட்டார்.

"சார், தப்பு என்னோடது. டெசாங்கா டிக் போட்டது நிஜம். என் புரோகிராம்தான் அதைத் தப்பா எடுத்துக்கிச்சு. அந்த உத்தரவைக் கிழிச்சுடுங்க."

"முத்திரை குத்தியாச்சும்மா," என்றார். "சரி, பார்க்கலாம். போயிட்டு வா." ரிசீவரை மறுபடி காதில் வைத்துக்கொண்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்தேன். உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. நான் சொல்லியாயிற்று, இனி அவர் பாடு. தாழ்வாரத்து பெஞ்சில் டெசாங்கா செய்தித்தாள் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முட்டியைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லிட்டேன் அக்கா."

"என்ன சொன்னார்?"

"பார்க்கலாம்னார்."

"ஒரு தடவை கேட்டியா?"

கேட்டுவிட்டு அவள் பொட்டலத்தின் ஓரத்தை மடித்துவிட்டுக் கொண்டிருந்தாள்.

திரும்பிப் போய் டைரக்டரின் கதவைத் தட்டினேன். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போனேன். அவர் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பினார்.

"மறுபடி என்ன?"

"அதே விஷயம்தான் சார். மேயர் ஆபீசுக்கு ஒரு பேர் வேணும்னீங்களே, என் பேரைக் குடுங்க. டெசாங்கா நிலவறைக்குப் போகக்கூடாது. நீங்க அந்தப் பேப்பரைக் கிழிக்கிறவரைக்கும் நான் இங்கேயே நிக்கப்போறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் ரிசீவரைக் கீழே வைத்தார், இழுப்பறையைத் திறந்தார், உத்தரவை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

"இதை அப்பவே கேட்டிருக்கலாமே," என்றார்.

"அப்பவும் இதைத்தானே சார் கேட்டேன்!"

"முதல் தடவை எல்லாரும்தான் கேப்பாங்க," என்றார் ராடிவோய், ஒரு வெற்றுத் தாளை முன்னால் இழுத்து என் பெயரை எழுதிக்கொண்டே. "நீ நிஜமாத்தான் கேக்குறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"