பொழுது சாய்வதற்குள்

பொழுது சாய்வதற்குள் அமைச்சரவைப் பட்டியலைக் கொடுத்துவிடுகிறோம் என்று ஏழு கட்சித் தலைவர்களும் ஆளுநர் மாளிகை வாசலில் நின்று சொன்ன அன்று, அந்த மாநிலத்தில் பொழுது சாயவில்லை. தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், ஒருவரையொருவர் மேடை போட்டுத் திட்டித் தீர்த்த ஏழு பேர் வேறு வழியில்லாமல் கைகோத்த கூட்டணி அது. அரசு விருந்தினர் மாளிகையின் மாடிக் கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இலாகாக்களைப் பிரிக்க உட்கார்ந்தார்கள். உள்துறையை மூன்று பேர் கேட்டார்கள். பொதுப்பணித் துறையை எல்லோரும் கேட்டார்கள். அருங்காட்சியகத் துறையைத் தட்டில் வைத்து நீட்டியும் ஒருவரும் தொடவில்லை. மேற்குப் பக்கத்து ஜன்னலுக்கு நாலரை மணி வாக்கில் வந்த சூரியன், அங்கேயே நின்றுவிட்டது. கடிகாரங்கள் பாட்டுக்கு ஓடின. எட்டு அடித்தது, பன்னிரண்டு அடித்தது, வெயில் மட்டும் மேசைமேல் தேநீர்க் கோப்பைகளுக்குப் பக்கத்தில் அதே சாய்வில் கிடந்தது. ஏழு அரசியல்வாதிகள் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஒரு சூரியன் தேவைப்பட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

வானிலை நிலையம் மாலை நீடிக்கும் என்று அறிவித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. இரவுக் காவலாளிகள் வேலைக்கு வந்து, இரவைக் காணாமல், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைகள், பெற்றவர்கள் சொல்லை மீறாமல், தெருவிலேயே விளையாடிக்கொண்டிருந்தார்கள். கோழிகள் கூண்டுக்குள் போவதும் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வருவதுமாக இருந்தன. ஜனங்கள் ஜன்னலுக்குப் போர்வை கட்டித் தூங்கிப் பார்த்தார்கள். கண் மூடியது, தூக்கம் வரவில்லை. ஆனாலும் ஒரு விஷயம் சீக்கிரமே எல்லோருக்கும் பிடிபட்டது. மாடிக் கூடத்தில் ஒரு இலாகா முடிவானால் சூரியன் ஒரு விரற்கடை இறங்கியது. மரக்கடைக்காரர் என்று பெயரெடுத்த இரண்டாவது பெரிய கட்சியின் தலைவர் குரல் வற்றும்வரை கத்திவிட்டு, சரி, பொதுப்பணியே போதும் என்று உட்கார்ந்தபோது அது ஒரு சாண் இறங்கியதை ஊரே மொட்டைமாடியில் நின்று பார்த்துக் கைதட்டியது.

இப்படியே இறங்கி இறங்கி, கடைசியில் ஒரே ஒரு கையெழுத்துக்காக அது வானத்தின் விளிம்பில் காத்து நின்றது. அந்தக் கையெழுத்து ஒண்டிக்கட்சிக்காரருடையது. கல்யாணம் செய்துகொள்ளாதவர், கட்சிக்கு ஒரே உறுப்பினராக ஜெயித்தவர் என்று இரண்டு காரணமும் சேர்ந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அரசியலுக்கு வருமுன் அவர் பஸ் கண்டக்டர். விசிலை இன்னும் சட்டைப்பையில் வைத்திருந்தார். பேச்சு முற்றும்போது பழக்கதோஷத்தில் உள்ள போங்க, உள்ள போங்க, இடம் இருக்கு என்று சொல்லிவிடுவார். அவர் ஒருவர் கை தூக்காவிட்டால் பெரும்பான்மைக்கு ஒரு ஆள் குறையும். அவர் கேட்டது சுகாதாரம். முதல்வராகப் போகிறவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு அதைக் கொடுத்தும்விட்டார். பேனாவைக் கையில் வாங்கிய ஒண்டிக்கட்சிக்காரர் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

யோசிக்க அவருக்கு ஒன்றும் இல்லை. பொது மருத்துவமனையின் பெண்கள் வார்டில், மேற்கு ஜன்னலோரக் கட்டிலில் அவருடைய அக்கா படுத்திருந்தாள். பெற்றவர்கள் போன பிறகு தையல் மிஷினை மிதித்தே தம்பியை ஆளாக்கியவள். சூரியன் நின்ற அன்று காலையில்தான் டாக்டரம்மா அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, ராத்திரி தாண்டாது, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றிருந்தார். அவருக்குச் சொல்ல வேண்டியவர் என்று வேறு யாரும் இல்லை. ராத்திரி வந்தால்தானே தாண்ட வேண்டும் என்று மாடிக் கூடத்து ஜன்னலைப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது. அதற்குப் பிறகு அவர் சுகாதாரம் வேண்டாம், உள்துறை வேண்டும் என்றார். தலையில் அடித்துக்கொண்டு அதையும் கொடுக்க முன்வந்தபோது நிதி வேண்டும் என்றார். நிதியும் வந்தபோது காற்றுத் துறை என்று ஒன்றை உண்டாக்கச் சொன்னார். பத்திரிகைகள் ஒற்றை ஆளின் பேராசை என்று எழுதின. மரக்கடைக்காரர் அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்கினார். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பேச்சுவார்த்தைக்கு இடைவேளை கேட்டு, மருத்துவமனைக்குப் போய் அக்காவின் காலடியில் உட்கார்ந்துகொள்வார்.

அக்கா தேறிவிட்டிருந்தாள். டாக்டரம்மா நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ராத்திரி தாண்டாது என்று நான் சொன்னதில் மாற்றமில்லை, ராத்திரிதான் இன்னும் வரவில்லை என்றார். அந்த நீண்ட சாயங்காலத்தில் அக்காவும் தம்பியும் ஐம்பது வருஷமாகப் பேசாததை எல்லாம் பேசினார்கள். அவருக்குப் பெண் பார்த்துத் தட்டிப்போன கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் தனக்கு வந்த வரனைத் தம்பிக்காக வேண்டாம் என்ற கதையை முதல் தடவையாகச் சொன்னாள்; அவர் அழுதார், அவள் அதற்கும் சிரித்தாள். பதவி ஏற்பதற்கென்று ஒரு வெள்ளைச் சட்டையைக் கையாலேயே தைக்க ஆரம்பித்தாள். வாய்க்கு ருசி திரும்பிப் பக்கத்துக் கட்டிலின் ரொட்டியையும் வாங்கித் தின்றாள். இப்படி ஒரு பொழுதைக் கேட்டு வாங்க முடியுமா என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சட்டையில் கடைசிப் பித்தானை மட்டும் அக்கா தைக்காமலே வைத்திருந்தாள். ஊசியில் நூல் கோப்பாள், பிறகு கழற்றிப் போட்டுவிடுவாள். அவளுக்கும் விஷயம் தெரிந்துதான் இருந்தது என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். அந்த வார்டிலிருந்து இரண்டு கதவு தள்ளிப் பிரசவ வார்டு. அங்கே ஒரு பெண்ணுக்கு, நாளைக் காலையில் பிள்ளை பிறக்கும் என்று சொல்லியிருந்தார்கள். வலி வந்துவிட்டது, நாளை வரவில்லை. அவளுடைய கதறல் வராந்தா வழியாக வந்து அக்காவின் தலைமாட்டில் நின்றது. போர்வையை இழுத்துக் காதை மூடிப் பார்த்தாள், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். வந்ததும் ஊசியில் நூல் கோத்துக் கடைசிப் பித்தானைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அப்போது தம்பி உள்ளே வந்தார்.

"நீதான நிறுத்தி வெச்சிருக்க?" என்றாள் அக்கா.

அவர் தரையைப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்க்கா."

"எவ்வளவு நேரம்டா வண்டிய ஸ்டாப்புலயே போட்டு வெப்ப? உள்ள ஒரு பொண்ணு துடிக்குது. ஊரே தூங்காம கெடக்குது. இறங்க வேண்டியவ நான் ஒருத்தி. எனக்காக எல்லாரையும் காக்க வெக்கலாமா?"

"நீ போய்ட்டா எனக்கு யாருக்கா இருக்கா?"

"எனக்கு மட்டும் போகணும்னு ஆசையா? இந்தா பாரு, ஒரு பித்தானத் தைக்காம நானும்தான் ஏமாத்திட்டு இருந்தேன்." சட்டையை உதறி அவர் தோளில் வைத்து அளவு பார்த்தாள். "கேட்டதுக்கு மேல கெடச்சாச்சு. மனசு நெறஞ்சு சொல்றேன். விசில் குடு, போ."

அவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தே விருந்தினர் மாளிகைக்குப் போனார். காற்றுத் துறையும் வேண்டாம், நிதியும் வேண்டாம், முதலில் கேட்ட சுகாதாரம் இருந்தால் போதும் என்றார். கையெழுத்துப் போட்டார். பட்டியலை உறையில் போடும்போதே சூரியன் மடமடவென்று இறங்கியது. மாநிலம் முழுக்க ஒரே சமயத்தில் விளக்குகள் எரிந்தன. பிள்ளைகள் ஓட்டமாய் ஓடி வீட்டுக்குப் போனார்கள், கோழிகள் கூண்டில் அடங்கின, காவலாளிகள் எழுந்து தடியைத் தட்டினார்கள். அக்கா ஜன்னல் வழியாக இருட்டைப் பார்த்து, எவ்வளவு அழகா இருக்கு, இத்தனை நாள் சரியாவே பார்க்கலையே என்று சொன்னதாகப் பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னாள். தம்பி திரும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அவள் கண்ணை மூடினாள். விடியும்போது பிரசவ வார்டில் குழந்தை பிறந்தது, பெண் குழந்தை. அழுதுகொண்டிருந்த ஒண்டிக்கட்சிக்காரரைக் கூப்பிட்டு, அதைப் பெற்றவள் அவர் கையில் கொடுத்தாள். அக்காவை அடக்கம் செய்த மண் கையோடு அவர் பதவி ஏற்றார், பித்தான் எல்லாவற்றையும் போட்டிருந்தார்.

நீண்டுபோன அந்த மாலையைச் சம்பளக் கணக்கில் ஒரு நாளாகவே எடுத்துக்கொண்டார்கள், யாரும் தகராறு செய்யவில்லை. அந்த அமைச்சரவை தாங்காது என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போகும்படி அது முழு ஐந்து வருஷமும் ஓடியது. நல்ல ஆட்சியா என்றால், பாலங்கள் நின்றன, மருத்துவமனையில் மருந்து இருந்தது, அதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. அவர்களுக்குள் சண்டை வராமல் இல்லை. ஆனால் அமைச்சர்கள் மேசையைத் தட்டிக் கத்த ஆரம்பித்தால் மேற்கே சூரியன் தயங்கி நிற்கும், உடனே வீடுகளிலிருந்து கோபமாகத் தொலைபேசி அழைப்புகள் வரும். சமாதானம் ஆனதும் சுகாதார அமைச்சர் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதுவார். கண்டக்டர்கள் வண்டி கிளம்பக் கொடுக்கிற விசில் அது. அதற்குப் பிறகுதான் பொழுது சாயும்.

வருஷாவருஷம் அக்கா போன நாளன்று அமைச்சரவை கூடியது. அன்று சாயங்காலம் நாலரை வாக்கில் மரக்கடைக்காரர் எழுந்து நின்று, அருங்காட்சியகத் துறை எனக்குத்தான் வேண்டும் என்று கத்துவார். முதல்வர், அதெல்லாம் முடியாது, அது என்னுடையது என்று பதிலுக்குக் கத்துவார். யாருக்கும் வேண்டாத அந்தத் துறைக்காக எல்லோரும் எழுந்து நின்று முகம் சிவக்கச் சண்டை போடுவார்கள், சூரியன் ஜன்னலில் வந்து நிற்கும். அன்றைக்கு மட்டும் ஒரு வீட்டிலிருந்தும் தொலைபேசி அழைப்பு வராது. ஊர் தன் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். ஒண்டிக்கட்சிக்காரர் விசிலை வாயில் வைத்தபடி, ஊதாமல், மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நேரம் யாருடையது என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும், அதனால் ஒருவரும் அவரை அவசரப்படுத்த மாட்டார்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிய மரக்கடைக்காரர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கத்துவார். பார்த்து முடித்ததும் ஒண்டிக்கட்சிக்காரர் திரும்பி, "போதுங்க, எல்லாருக்கும் ரொம்ப நன்றி" என்பார். பிறகு இரண்டு விசில் கொடுப்பார், பொழுது சாயும், அவர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு அடுத்த கோப்புக்குப் போவார்கள்.