உறை கிழியாமல் நட்ட காடு

எனக்கு வாய் நீளம். பொட்டலக் கிடங்கில் பதினெட்டு வருடம் மேற்பார்வை பார்த்தவளுக்கு வாய் நீளாமல் வேறு என்ன நீளும்? எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு ஒருவராவது அந்தக் கிடங்கில்தான் வேலை. வருகிற சாமானைப் பெட்டியில் போட்டு, ஒட்டி, லாரியில் ஏற்றுவோம். உள்ளே என்ன இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. உறை கிழிந்தால் அன்றைய சம்பளம் போச்சு. மூன்று தடவை கிழித்தால் வேலையே போச்சு.

குடியிருப்புக்கும் கிடங்குக்கும் நடுவில் நகராட்சியின் வெற்று நிலம் ஒன்று கிடந்தது. அதை லாரி நிறுத்தக் கொடுக்கச் சொல்லிக் கிடங்கு மனுப் போட்டிருந்தது. அந்த நிலத்தைப் பார்த்த ஜன்னலோரம்தான் என் வீட்டுக்காரரின் கட்டில். நுரையீரல் கெட்டு மூன்று வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். சாலைப் புழுதிக்கே விடிய விடிய இருமுவார். ஜன்னலடியில் நாற்பது லாரி புகை விட்டால் அந்த மனுஷன் தாங்க மாட்டார். வேறு வீட்டுக்குப் போகச் சொன்னார் டாக்டர். சொல்வதற்கென்ன, வாடகையை அவரா கொடுக்கப் போகிறார்?

நகராட்சிக்கு நடையாய் நடந்து கத்தினேன். என் தொல்லை தாங்காமல் அதிகாரி ஒரு வழி சொன்னார்.

"சரிம்மா, குடியிருப்புக்காரங்க சேர்ந்து காடு வளக்கறோம்னு எழுதிக் குடுங்க. நானூறு கன்னு தர்றோம். ஒரு வருஷம் கழிச்சு எண்ண வருவேன். பாதியாவது உசுரோட இருந்தா நிலம் உங்களுக்கு. இல்லேன்னா லாரிக்கு."

ஆள் சேர்ப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. முதல் மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் தண்ணீர்த் தொட்டிச் சண்டையில் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒருத்தர், "ஞாயித்துக்கெழம தூங்கறதுக்குத்தான் நான் ஆறு நாள் ஒழைக்கிறேன்" என்றார். இன்னொருத்தி, "மரம் வளர்ந்து நெழல் தர்றதுக்குள்ள எனக்குப் பேத்தி பொறந்துடும்" என்றாள். கெஞ்சினேன், மிரட்டினேன், கையைப் பிடித்தேன். கடைசியில் அறுபத்திரண்டு பேர் வந்தார்கள். முதல் மாடிக்காரர் குழி வெட்ட, மூன்றாவது மாடிக்காரி மண் அள்ளிப் போட்டாள். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கன்றுகள் கறுப்பு பிளாஸ்டிக் பையில் வந்தன. கொண்டுவந்த நாற்றுப்பண்ணைக்காரர், "வேர் மண்ணு ஒதிராமப் பாத்துக்கங்க" என்று ஒரே வரி சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். எங்களில் எவரும் அதுவரை பூச்செடிகூட வைத்தவரில்லை. நான் வண்டி நின்ற இடத்தில் நின்றுகொண்டு, கிடங்கில் கத்துகிற அதே குரலில் கத்தினேன்.

"பை கிழியக் கூடாது. எப்படி வாங்கறீங்களோ அப்படியே குழியில எறக்கணும்."

என் நாத்தனார் மட்டும் கன்றைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். "பையோடவா அண்ணி?"

"சொன்னதச் செய்."

செய்தாள். எல்லோரும் செய்தார்கள். ஒரு பைகூடக் கிழியவில்லை, ஒருவன் நட்டவற்றைத் தவிர. கிடங்கில் அவனுக்குக் கிழிசல் என்றே பெயர், கை அத்தனை முரடு. ஏற்கெனவே இரண்டு தடவை உறையைக் கிழித்து, இன்னொன்று கிழித்தால் வேலை போகும் என்ற நிலையில் இருந்தான். அவன் பையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுவிட்டு ஒரு வரிசையில் பன்னிரண்டு கன்று நட்டிருந்தான். அத்தனை பேர் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டு வீட்டுக்கு அனுப்பினேன். கையைத் துடைத்துக்கொண்டு போனான்.

முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். நான்கு மாதம் பச்சையாகத்தான் இருந்தது. ஜன்னலிலிருந்து பார்த்து என் வீட்டுக்காரர் தினமும், "இன்னிக்கு ஒரு எலை கூடியிருக்கு" என்பார். அங்கிருந்து இலை தெரியாது, சும்மா எனக்காகச் சொல்வார். வெயில் ஏறியதும் கன்றுகள் மஞ்சளாகின. இன்னும் தண்ணீர் ஊற்றினோம். இன்னும் மஞ்சளாகின. மண் சரியில்லை என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதிகாரி வருவதற்கு இருபது நாள் இருக்கும்போதுதான், என் முறையில் வராத சாலையோரக் கோடியில் கிழிசலின் வரிசையைக் கவனித்தேன். பன்னிரண்டும் என் தோளுயரம் நின்றன. அடுத்த வரிசை முழுக்கக் குச்சி. ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தேன், சிரமமே இல்லாமல் பையோடு வந்தது. வேர்கள் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, ஒன்றையொன்று நெரித்து, கறுத்துக் கிடந்தன. பை புதுசாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். மண்மேல் பழி போட்டால் மண் மறுக்கவா போகிறது? ஆனால் கிழிசலின் முகம் கண்ணிலேயே நின்றது. மறுநாள் கிடங்கில் சாப்பாட்டு இடைவேளையில் எல்லோர் முன்னாலும் அந்தப் பையை மேசைமேல் வைத்து, "என்னாலதான் செத்துச்சு. பையைப் பிரிச்சுட்டு நட்டிருக்கணும். அவன் ஒருத்தன்தான் சரியா நட்டான், அவனைத்தான் தொரத்தினேன்" என்றேன்.

எவரும் திட்டவில்லை. நான் கேட்டேனே என்று நாத்தனார் சொல்லவில்லை, சாப்பாட்டு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம். கிழிசல்தான் கடைசியில் பேசினான்.

"எனக்கும் தெரியாதுக்கா. என் கையில எதுதான் கிழியாம இருந்திருக்கு."

தோண்டிப் பையை அறுத்துத் திரும்ப நட்டுப் பார்த்தோம். இருபது நாளும் வேலை முடிந்து எல்லோரும் வந்தார்கள், நான் கூப்பிடாமலே வந்தார்கள். ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. செத்தது செத்ததுதான்.

அதிகாரி வந்து எண்ணினார். எண்ணுவதற்கு அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "பன்னெண்டுதாம்மா இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், பாவமாகச் சொன்னார். அந்தப் பன்னிரண்டும் லாரி நுழைகிற வழியில் இருப்பதால் அவையும் போகுமாம்.

வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஆனாலும் கேட்டார்.

"எத்தனை?"

"பன்னெண்டு. அதையும் வெட்டிடுவாங்க. நான்தாங்க கெடுத்தேன்."

வெகுநேரம் மூச்சு வாங்கினார். பேசுவதற்கு முன்னால் அவருக்கு அது தேவைப்படும்.

"விடு. கட்டிலைச் செவுத்துப் பக்கம் திருப்பிப் போடு."

அவரை நாற்காலியில் தூக்கி உட்கார வைத்தேன். பத்து வயதுப் பிள்ளை கனம்தான் இருந்தார். கட்டிலைத் திருப்பிப் போட்டேன்.